சிங்கப்பூர் எவ்வளவு தூரம்? ஏழு நாளா, நாலு மணி நேரமா?

இந்த எபிசோடோட கேள்வி ரொம்பச் சின்னது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம்?

போன்ல தட்டினா ரெண்டு செகண்ட்ல பதில் வந்துடும். சுமார் 2,900 கிலோமீட்டர், ஃப்ளைட்ல நாலு, நாலேகால் மணி நேரம். அவ்வளவுதானே, இதுக்கு ஒரு எபிசோடான்னு நீங்க நினைக்கலாம். ஆனா இதே கேள்வியை 1930ல ராயபுரத்துல நின்னு யாரையாவது கேட்டிருந்தா, அவங்க மைல் கணக்குல பதில் சொல்லியிருக்க மாட்டாங்க. "கப்பல்ல ஒரு வாரம்"னு சொல்லியிருப்பாங்க. தூரம் அப்பவும் அதேதான், இப்பவும் அதேதான். பூமி ஒண்ணும் சுருங்கிடலை. நேரம் மட்டும் சுருங்கியிருக்கு. அதைச் சுருக்கினது எது, அதனால யாருக்கு என்ன கிடைச்சது, வட சென்னைக்கு அதுல என்ன பங்கு? இன்னிக்கு அதைத்தான் பேசப்போறோம்.

முதல்ல கணக்கு

நான் வேலையில கோடு எழுதறவன், அதனால கணக்குல இருந்தே ஆரம்பிக்கிறேன். ரெண்டு ஊருக்கு நடுவுல விமான தூரம்னு சொல்றது உருண்டையான பூமியோட மேற்பரப்புல இருக்கிற மிகக் குறுகிய வளைவு. ஒரு கால்பந்து மேல ரெண்டு புள்ளி வச்சு, நடுவுல நூலை இறுக்கிப் பிடிச்சா அது எந்த வழியா போகுமோ, அதுதான். மீனம்பாக்கத்தோட அட்சரேகை, தீர்க்கரேகை, சாங்கி விமான நிலையத்தோட அட்சரேகை, தீர்க்கரேகை, பூமியோட ஆரம் 6,371 கிலோமீட்டர். இதைப் போட்டா விடை ஏறக்குறைய 2,924 கிலோமீட்டர் வருது.

ஒரு சாதாரண ஜெட் விமானம் மேல போன பிறகு மணிக்கு சுமார் 840 கிலோமீட்டர் வேகத்துல போகும். வகுத்துப் பாருங்க, மூன்றரை மணி நேரம்தான் வருது. மீதி எங்க போச்சு? ரன்வே வரைக்கும் ஊர்ந்து போறது, மேல ஏறுறது, அங்க போய் வரிசையில காத்திருந்து இறங்குறது. இதெல்லாம் சேர்ந்துதான் டிக்கெட்ல நாலேகால் மணி நேரமா மாறுது.

இப்ப அந்த நூலை மேப்ல வரைஞ்சு பாருங்க. ஒரு ஆச்சரியம் இருக்கு. சென்னையில கிளம்பி, வங்காள விரிகுடாவைக் கடந்து, நிகோபாருக்குத் தெற்கே போய், சுமத்ராவோட வடமுனையை ஒட்டி, மலாக்கா நீரிணைக்குள்ள இறங்கி சிங்கப்பூர் போகுது. கப்பல் போற வழியும் கிட்டத்தட்ட இதுதான்! கப்பலுக்கு சுமார் 1,600 கடல் மைல், அதாவது 2,960 கிலோமீட்டர். பெரும்பாலான ஊர்களுக்கு கப்பல் வழி விமான வழியைவிட ரொம்ப நீளம். லண்டனுக்குக் கப்பல்ல போகணும்னா இலங்கையைச் சுத்தி, சூயஸ் வழியா, ஜிப்ரால்டர் வழியா போகணும். சிங்கப்பூருக்கு அந்தச் சுத்தே கிடையாது. அதனால இந்த ரூட்ல மட்டும் நாம வேகத்தை நேருக்கு நேர் ஒப்பிட முடியும்.

ரஜூலா

மலேசியா, சிங்கப்பூர்ல சொந்தக்காரங்க இருக்கிற குடும்பத்துல, பெரியவங்க வாயில இந்தப் பேரைக் கேட்டிருப்பீங்க. எஸ்.எஸ். ரஜூலா. 1926ல ஸ்காட்லாந்தோட கிளாஸ்கோவுல கட்டின கப்பல். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியோடது. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர். போர்ட் ஸ்வெட்டன்ஹாம்னா இன்னிக்கு போர்ட் கிள்ளான்.

இதுல முதல் வகுப்பு, ரெண்டாம் வகுப்பு கேபின்கள் கொஞ்சம். டெக் பயணிகளுக்கான இடம் மட்டும் சுமார் 5,000. டெக் பயணின்னா கேபின் கிடையாது, கட்டில் கிடையாது. தளத்துல பாய் விரிச்சு, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டுல வச்சுப் படுக்கணும். அந்த இடத்துலயே சாப்பாடு, தூக்கம், வாந்தி எல்லாம்.

கப்பலோட வேகம் மணிக்கு பன்னிரண்டு, பதின்மூணு கடல் மைல். 1,600ஐ 12ஆல வகுத்தா 133 மணி நேரம், அதாவது அஞ்சரை நாள். நடுவுல நாகப்பட்டினத்துலயும் பினாங்கிலயும் நின்னு ஆள் ஏத்தி இறக்கி, சரக்கு ஏத்தி இறக்கி, மொத்தமா ஏழு நாள் பக்கம்.

ஆனா இந்த ஏழு நாள் எல்லாருக்கும் ஒரே ஏழு நாள் இல்லை. மலாயா தோட்டங்களுக்கு ஆள் போன வரலாறு ரஜூலாவுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு. முதல்ல ஒப்பந்தக் கூலி முறை, அது 1910ல மலாயாவுக்கு நிறுத்தப்பட்டது. கூடவே கங்காணி முறை, அது 1938 வரைக்கும் ஓடிச்சு. இப்படிப் போன தொழிலாளி பினாங்கு போய்ச் சேர்ந்ததும் நேரா ஊருக்குள்ள போக முடியாது. பக்கத்துல புலாவ் ஜெரெஜாக்னு ஒரு தீவு. அம்மை, காலரா பயத்துல அங்க தனிமை முகாம்ல வச்சுத்தான் விடுவாங்க. சிங்கப்பூருக்கு செயின்ட் ஜான்ஸ் தீவு. இன்னிக்கு ஏர்போர்ட்ல இமிகிரேஷன் வரிசை அரை மணி நேரம் ஆனா நாம புலம்புறோம். கேபின் பயணி துறைமுகத்துல இறங்கி வீட்டுக்குப் போயிட்டார், டெக் பயணி தீவுல உட்கார்ந்திருந்தார். பயண நேரம்கிறது கிலோமீட்டரை வேகத்தால வகுத்தா மட்டும் வர்றதில்லை. நீங்க யாருங்கிறதும் அந்தக் கணக்குல இருக்கு.

சேதி ஒரு நாள், ஆள் ஏழு நாள்

இந்தக் காலத்துல சிங்கப்பூர்லருந்து சேதி வர எவ்வளவு நேரம் ஆச்சு? ஏழு நாள்னு நினைப்பீங்க. கடிதத்துக்கு அது சரி. ஆனா 1871லயே மெட்ராஸ்லருந்து பினாங்கு வழியா சிங்கப்பூருக்குக் கடலுக்கடியில தந்திக் கேபிள் போட்டாச்சு. ரஜூலா கட்டறதுக்கு 55 வருஷம் முன்னாடி!

அதாவது, காசு இருந்தா, "அப்பா இறந்துட்டார்"னு ஒரு தந்தியை அன்னிக்கோ மறுநாளோ சேர்த்துடலாம். ஆனா அதைப் படிச்ச மகன் அடுத்த கப்பலுக்காகக் காத்திருந்து, ஏழு நாள் பயணம் பண்ணி, ராயபுரம் பக்கம் வந்து இறங்கணும். நம்ம ஊர்ல பிணத்தை அத்தனை நாள் வச்சிருக்க மாட்டாங்க. கொள்ளி வைக்க முடியாது, முகம் பார்க்க முடியாது. கப்பல் காலத்துல வெளிநாடு போறதுன்னா, வீட்டுல நடக்கிற சாவுக்கு நீங்க வரமாட்டீங்கன்னு முன்கூட்டியே ஒத்துக்கிட்டுப் போறது. அந்த நாலு மணி நேர ஃப்ளைட் நமக்குக் கொடுத்த மிகப்பெரிய விஷயம் ஷாப்பிங்கும் இல்லை, டூரும் இல்லை. சாவு வீட்டுக்கு வந்து சேர முடியும்கிறதுதான்.

சேதியோட கதை அங்க நிக்கலை. 2002ல சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவுல ஐ2ஐன்னு ஒரு கண்ணாடி இழைக் கேபிள் போட்டாங்க, நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில ஒளி செகண்டுக்கு ரெண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். அப்ப ஒரு வழிக்கு 16 மில்லிசெகண்ட். நீங்க ஆபீஸ்ல சிங்கப்பூர் சர்வருக்குப் பிங் அடிச்சா முப்பது சொச்சம் மில்லிசெகண்ட் காட்டுறது இதனாலதான். ரஜூலா போன அதே கடல், அதே தூரம்.

டெல்லியும் ரங்கூனும்

ஒரு சின்ன கிளைக்கதை. சென்னையிலிருந்து டெல்லி நேர்கோட்டுல சுமார் 1,760 கிலோமீட்டர். சென்னையிலிருந்து ரங்கூன், இன்னிக்கு யாங்கூன், எவ்வளவு? அதுவும் கிட்டத்தட்ட 1,760 கிலோமீட்டர்தான்! கணக்கு போட்டுப் பார்த்தப்ப என்னாலயே நம்ப முடியலை. ஆனா நம்ம மனசுல டெல்லி பக்கம், ரங்கூன் எங்கேயோ.

நூறு வருஷம் முன்னாடி இந்தத் துறைமுகத்துல நின்னவங்களுக்கு அப்படி இல்லை. ரங்கூனுக்கு வழக்கமா கப்பல் போச்சு, வந்தது. செட்டியார் கடைகளும் தமிழ்க் கூலிகளும் அங்க இருந்தாங்க. 1960கள்ல பர்மாவுல ராணுவ ஆட்சி வந்து கடைகளையும் தொழில்களையும் அரசுடைமை ஆக்கினதுக்கு அப்புறம், தமிழர்கள் கூட்டம் கூட்டமா கப்பல்ல இதே மெட்ராஸ் துறைமுகத்துல வந்து இறங்கினாங்க. பாரிமுனை பர்மா பஜார், வியாசர்பாடியில பர்மாக்காரங்க குடியிருப்பு, நீங்க வரிசையில நின்னு சாப்பிடுற அத்தோ, எல்லாம் அந்த 1,760 கிலோமீட்டரோட மிச்சம். எது பக்கம், எது தூரம்னு முடிவு பண்றது கிலோமீட்டர் இல்லை. போய் வர வழி இருக்கா, இல்லையாங்கிறதுதான்.

விமானம் வந்த கதை

மெட்ராஸுக்கு முறையான விமானத் தபால் வந்தது 1932 அக்டோபர்ல. இங்கிலாந்துலருந்து கராச்சி வரைக்கும் இம்பீரியல் ஏர்வேஸ் தபால் கொண்டுவந்தது. கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஜே.ஆர்.டி. டாடாவே விமானம் ஓட்டினார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியா மெட்ராஸுக்கு ஓட்டி வந்தவர் நெவில் வின்ட்சென்ட். குட்டி விமானம், முக்கியமான சரக்கு தபால். ஆள் ஏத்திக்கிட்டுப் போற காலம் அப்புறம்தான்.

1954ல ஏர் இந்தியாகிட்ட சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்கள் வந்துச்சு. நாலு எஞ்சின், ப்ரொப்பல்லர், மணிக்கு 500 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைச்ச வேகம். அந்த வேகத்துல நம்ம 2,924 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல ஆகும். 1960ல போயிங் 707. ஜெட் வேகம் வந்ததும் அது நாலு மணி நேரப் பயணமாச்சு.

இப்ப கவனிங்க. 1926லருந்து 1960க்குள்ள ஏழு நாள் நாலு மணி நேரமா ஆச்சு. 1960லருந்து இன்னிக்கு வரைக்கும்? நாலு மணி நேரம், நாலு மணி நேரமாவே இருக்கு! அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, நேரம் குறையவே இல்லை. குறைஞ்சது டிக்கெட் விலைதான். அதனாலதான் ஜெட் வந்த பிறகும் கப்பல் உடனே சாகலை. ரஜூலா 1970களோட தொடக்கம் வரைக்கும் ஓடிச்சு. அதுக்குப் பதிலா எம்.வி. சிதம்பரம் வந்தது. பிரெஞ்சுக்காரங்க கட்டின கப்பல், ஷிப்பிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா வாங்கி ஓட்டினாங்க. மேல ஜெட், கீழ கப்பல், ஒரே வழியில கால் நூற்றாண்டு ரெண்டும் ஓடியிருக்கு. நேரம் இருந்து காசு இல்லாதவங்க, நிறைய சாமான் கொண்டுபோறவங்க கப்பல்ல போனாங்க. 1985 பிப்ரவரியில சிதம்பரம் கப்பல்ல தீப்பிடிச்சு பல பேர் இறந்தாங்க. அதோட அந்தச் சேவை முடிஞ்சது.

கடிகாரம்

டிக்கெட் புக் பண்றப்ப எல்லாரும் ஒரு தடவை குழம்புவோம். உதாரணத்துக்கு, ராத்திரி 11 மணிக்குச் சென்னையில கிளம்பினா காலையில 5.45க்கு சிங்கப்பூர்னு போட்டிருக்கும். ஆறே முக்கால் மணி நேரமா? இல்லை, சிங்கப்பூர் நம்மளைவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. கழிச்சா நாலேகால். திரும்பி வரும்போது ராத்திரி 8க்குக் கிளம்பி 9.45க்கு வந்துட்ட மாதிரி இருக்கும். ரெண்டரையைக் கூட்டுங்க, அதே நாலேகால்.

இந்த ரெண்டரை மணி நேரமும் பழசு இல்லை. 1981 முடியற வரைக்கும் வித்தியாசம் ரெண்டு மணி நேரம்தான். 1982 பிறக்கறப்ப தீபகற்ப மலேசியா, சபா, சரவாக் நேரத்தோட ஒத்துப்போறதுக்காகக் கடிகாரத்தை அரை மணி முன்னாடி நகர்த்திச்சு. சிங்கப்பூரும் கூடவே நகர்த்திக்கிச்சு. கப்பல்ல போனவங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ரெண்டு மணி நேரத்தை ஆறேழு நாள்ல பங்கு போட்டா நாளுக்கு இருபது நிமிஷம்கூட இல்லை. உடம்பு கூடவே பழகிக்கும்.

வட சென்னை கொடுத்தது

இப்ப நம்ம ஏரியாவுக்கு வரலாம். ஒரு காலத்துல இந்த நகரத்தோட வாசல் வடக்குப் பக்கம்தான் இருந்தது. 1856ல தென்னிந்தியாவோட முதல் ரயில் கிளம்பினது ராயபுரத்துலருந்து, வாலாஜா ரோடு வரைக்கும். அந்த ஸ்டேஷன் கட்டடம் இன்னும் நிக்குது. பக்கத்துலயே துறைமுகம். அதுக்கு முன்னாடி கப்பல் கரைக்கு வர முடியாது, அலைக்கு வெளியே நிக்கும். மசூலா படகுல, நனைஞ்சுக்கிட்டு, உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போய் ஏறணும். 1870கள்ல துறைமுகச் சுவர் கட்ட ஆரம்பிச்சாங்க. 1881 புயல் அதை உடைச்சுப் போட்டுது, திரும்பக் கட்டினாங்க.

அந்தச் சுவர் பயணிகளுக்கு வசதி. ஆனா நம்ம கடற்கரையில வருஷத்துல பெரும்பாலான மாதங்கள் மணல் தெற்கேயிருந்து வடக்கே நகரும். துறைமுகம் அதைத் தடுத்துது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமாச்சு. வடக்கே மணல் வராம ராயபுரத்துலருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் கடல் கரையைத் தின்ன ஆரம்பிச்சது. மெரினாவுல நாம சுண்டல் சாப்பிடுற மணலும், இங்க மீனவர் குப்பங்கள் இழந்த நிலமும் ஒரே கணக்கோட ரெண்டு பக்கம். இன்னிக்கு எண்ணூர் ரோடு ஓரமா கடற்கரை கிடையாது, கொட்டி வச்ச கருங்கல்தான்.

அப்புறம் விமான காலம். வாசல் மீனம்பாக்கத்துக்கு மாறிடுச்சு. ராயபுரத்துலருந்து நேர்கோட்டுல 18 கிலோமீட்டர் தென்மேற்கே. நகரம் அந்தப் பக்கமே வளர்ந்தது. வடக்குல இருந்து ஆள் போறது நின்னுச்சு. கன்டெய்னரும் நிலக்கரியும் கச்சா எண்ணெயும் வர்றது நிக்கலை.

ஒரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. மீனம்பாக்கத்துல விமானத்துக்கு ஊத்துற எரிபொருள் மணலியிலிருந்து குழாய் வழியாவே போகுது. மணலி சுத்திகரிப்பு ஆலை 1969ல உற்பத்தியைத் தொடங்கிச்சு, அப்ப மெட்ராஸ் ரிஃபைனரீஸ், இப்ப சி.பி.சி.எல். ஒரு ஏர்பஸ் ஏ320 மணிக்கு ரெண்டுலருந்து ரெண்டரை டன் எரிபொருள் குடிக்கும். சிங்கப்பூர் போக எட்டு முதல் பத்து டன். 180 பேர்னா ஆளுக்குச் சுமார் 50 கிலோ. உங்க செக்-இன் பெட்டியைவிட ரெண்டு மடங்கு எடை, உங்க பேருக்கு எரியுது.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலி பக்கத்துலருந்து எண்ணெய் வந்து பக்கிங்ஹாம் கால்வாய், கொசஸ்தலை ஆறு, எண்ணூர் முகத்துவாரம் எல்லாத்துலயும் படிஞ்சது. படகு கறுப்பு, வலை கறுப்பு. மீனவர்கள் கையால மொண்டு டிரம்ல ஊத்தினதை நீங்க வீடியோவுல பார்த்திருப்பீங்க. அதுக்கு விமானப் பயணிகள்தான் காரணம்னு நான் சொல்லலை. அந்த ஆலையோட எண்ணெய்லதான் உங்க பைக்கும் பஸ்ஸும் ஓடுது. ஆனா ஏழு நாளை நாலு மணி நேரமாக்கினது வெறும் தொழில்நுட்பம்னு சொன்னா, அது பாதிக் கதை. அந்த வேகத்துக்கு எங்கேயோ ஒரு இடத்துல எண்ணெய் காய்ச்சணும். அந்த இடம் மணலி, எண்ணூர். நாலு மணி நேரம் எல்லாருக்கும் கிடைச்சது. அதோட செலவுல பெரிய பங்கு ஒரே பக்கத்து ஜனங்க தலையில விழுந்துச்சு.

எண்ணூர்லருந்து ஏர்போர்ட்

கடைசியா ஒரு கணக்கு. எண்ணூர்ல இருக்கிற ஒருத்தருக்கு சிங்கப்பூர் எவ்வளவு நேரம்? கன்டெய்னர் லாரி வரிசையில மாட்டினா ஏர்போர்ட் போகவே ரெண்டு மணி நேரம் ஆயிடும். அதாவது முதல் முப்பது சொச்சம் கிலோமீட்டருக்கு, அடுத்த 2,900 கிலோமீட்டரோட பாதி நேரம்.

2021 பிப்ரவரியில மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்தது. அதே நீல வழித்தடத்தோட இன்னொரு முனை விமான நிலையம். திருவொற்றியூர் பக்கத்துல ஏறினா மாறாம ஏறக்குறைய ஒரு மணி நேரத்துல போயிடலாம். இந்த ஜனங்களுக்குச் சிங்கப்பூர் கடைசியா பக்கத்துல வந்தது 1960ல இல்லை, 2021லன்னுகூடச் சொல்லலாம். விமானம் வேகமாகலை, வாசலுக்குப் போற வழிதான் வேகமாச்சு. எண்ணூர்க்காரங்களுக்கு இன்னும் விம்கோ நகர் வரைக்கும் அந்த லாரி ரோடு பாக்கி இருக்கு.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். சிதம்பரம் கப்பல் நின்னு நாற்பது வருஷம் ஆச்சு. அதுல இருபது வயசுல போனவங்களுக்கு இப்ப அறுபதுக்கு மேல. ரஜூலாவுல போனவங்க இன்னும் பெரியவங்க. உங்க தாத்தா, ஆயா, பக்கத்து வீட்டுப் பெரியவர் யாராவது அதுல போயிருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை போனை எடுத்துக்கிட்டுப் போய் உட்காருங்க. என்ன சாப்பிட்டாங்க, எங்க படுத்தாங்க, யாரு வழியனுப்ப வந்தாங்க, எந்தச் சாவுக்கு வர முடியாம போச்சுன்னு கேட்டுப் பதிவு பண்ணுங்க. தூரத்தை எப்ப வேணும்னாலும் கணக்குப் போட்டுக்கலாம். அந்த ஏழு நாள் எப்படி இருந்துச்சுன்னு அவங்ககிட்ட மட்டும்தான் கேட்க முடியும்.

பதிவு பண்ணதை எங்களுக்கு அனுப்ப விருப்பம்னா அனுப்புங்க. இல்லைன்னாலும் பரவாயில்லை, வீட்டுல பத்திரமா வச்சுக்கோங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.